வடகடலில் ஒலி எவ்வளவு தூரம் போகும்? கணிக்கும் முறைகள் நேருக்கு நேர்

இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து ஒரு விசைப்படகு வடக்கே, வடகடல் என்று இங்கே சொல்லும் பாக் விரிகுடாவுக்குள், கிளம்புகிறது. அதன் இரைச்சல் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகும்? பத்து கிலோமீட்டர் தள்ளிக் கடற்புல் மேய்கிற ஆவுளியாவின் (கடல்பசுவின்) காதுக்கு அதில் என்ன மிஞ்சும்? கேட்க எளிய கேள்வி. பதில் சொல்லும் கணினி நிரல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடுகிறது. எல்லாம் ஒரே அலைச் சமன்பாட்டில் பிறந்தவைதான். குறுக்கு வழி பிடிக்கிற இடம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதில் எது இராமநாதபுரம் கடலுக்கு ஒத்துவரும், எது முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும் என்று பார்ப்போம்.

பாடப்புத்தகங்கள் இந்த ஒப்பீட்டைப் பெரும்பாலும் ஆழ்கடலை வைத்துத்தான் செய்கின்றன. நாலைந்து கிலோமீட்டர் ஆழம், வளைந்து வளைந்து போகும் ஒலிக்கதிர்கள், அழகான படங்கள். பாக் விரிகுடா அப்படிப்பட்ட கடல் இல்லை. பெரும்பகுதி 15 மீட்டருக்குள், சராசரி ஆழம் 9 மீட்டர் அளவு. காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருப்பதால் மேலே ஒரு வெப்பம், கீழே ஒரு வெப்பம் என்ற பேச்சுக்கும் அதிக இடமில்லை. 29 டிகிரி சூட்டில், அங்குள்ள உப்பில், ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் அளவில் வரும். மூன்று டிகிரி குளிர்ந்தாலும் ஏழு மீட்டர் குறையும், அவ்வளவுதான். பாம்பன் தாண்டித் தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு, போனால் கதை வேறு. தீவுகளை ஒட்டிச் சில மீட்டர் ஆழம். கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டினால் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஒரே தாலுகாவில் நின்றுகொண்டு இரண்டு விதமான கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நிரலை இறக்குவதற்கு முன் ஒரு காகிதக் கணக்கு

எந்த முறையை எடுப்பது என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதலில் கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது. பெக்கெரிஸ் என்ற ஆய்வாளர் 1948-இல் வெளியிட்ட எளிய மாதிரி இதற்குப் போதும். மேலே தட்டையான தண்ணீர் அடுக்கு. அதற்குக் கீழே, ஒலி இன்னும் வேகமாக ஓடுகிற மணல். அவ்வளவுதான் மாதிரி.

தண்ணீரில் 1540, மணலில் 1700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்திலிருந்து 25 டிகிரிக்குள் சாய்ந்து போகும் ஒலி அடியில் பட்டு முழுதாகத் திரும்பும். அதைவிடச் செங்குத்தாகப் போவது மணலுக்குள் இறங்கிவிடும். ஆக, தண்ணீர் அடுக்கு ஒரு குழாய் மாதிரி வேலை செய்கிறது. ஆனால் குழாய்க்குள் அலை அடங்க வேண்டுமே. 9 மீட்டர் ஆழத்துக்கு அந்த எல்லை சுமார் 100 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழான அதிர்வெண் எதுவும் இந்த அடுக்கில் தொலைதூரம் ஓடாது. ஆழம் 5 மீட்டராகக் குறைந்தால் எல்லை 180-க்கு ஏறும், 3 மீட்டரில் 300.

இதை ஒரு படகோடு பொருத்திப் பாருங்கள். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 600 சுற்று, மூன்று இதழ் என்றால் அதன் அடிப்படைத் துடிப்பு 30 ஹெர்ட்ஸ். ஆழ்கடலில் கப்பல்களின் இந்தத் துடிப்புதான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். வடகடலில் அது சில நூறு மீட்டரிலேயே அடியில் இறங்கிக் காணாமல் போகும். தூரத்துக்குப் போவது, புரொப்பெல்லர் நுனியில் குமிழி உடைகிற சத்தமும் எஞ்சினின் மேல் அதிர்வெண்களும்தான். கரையில் நின்று நாம் கேட்கிற தடதட ஓசை காற்று வழியாக வருவது. தண்ணீருக்குள் இருக்கிற மீன் அதே படகை வேறு குரலில் கேட்கிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: 1000 ஹெர்ட்ஸில் இந்த அடுக்கில் ஐந்தே ஐந்து மோட்கள் ஓடும், 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் ஐம்பது. மோட் என்பது மேலிருந்து கீழ்வரை ஒலி எடுத்துக்கொள்ளும் நிலையான வடிவம். இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. சில மோட்கள்தான் என்றால் மோட் முறையும் பரவளைய முறையும். எக்கச்சக்கம் என்றால் கதிர் முறை. ஒவ்வொன்றும் என்ன என்று இனி பார்ப்போம்.

கதிர் முறை: பேர் பெற்றது, இங்கே பாதிதான் உதவும்

மைக்கேல் போர்ட்டரின் பெல்ஹாப் நிரலைத் தெரியாதவர் இந்தத் துறையில் இருக்க மாட்டார். ஒலியைக் கதிர்களாக விட்டு, மேலே தட்டி, அடியில் தட்டி, எங்கே எத்தனை கதிர் கூடுகிறது என்று பார்ப்பது. படம் பார்த்தவுடன் புரியும், வேகமும் அதிகம், ஒவ்வொரு எதிரொலியும் எத்தனை மில்லிநொடியில் வந்து சேரும் என்பதையும் கொடுக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, கதிரின் பாதைக்கு அதிர்வெண் தெரியாது என்பதில் இருக்கிறது. 200 ஹெர்ட்ஸும் 20 கிலோஹெர்ட்ஸும் அதற்கு ஒரே பாதை. அலைநீளம் ஆழத்தைவிடப் பல மடங்கு சிறிதாக இருக்கும்வரை இது சரி. 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 சென்டிமீட்டர். 9 மீட்டரில் அறுபது அலைநீளம் கொள்ளும். கதிர் முறை தாராளமாக ஓடலாம். 200 ஹெர்ட்ஸில் அலைநீளமே 7.7 மீட்டர். தண்ணீர் அடுக்கு முழுவதிலும் ஒரு அலைதான் கொள்கிறது என்றால் அங்கே கதிர் என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. நிரல் மட்டும் தயங்காமல் ஓடி, வண்ணவண்ணமாக ஒரு படத்தைக் கொடுத்துவிடும். அந்தப் படத்தை நம்பி, 200 ஹெர்ட்ஸ் இரைச்சல் கரைவரை வந்துவிடும் என்று அறிக்கை எழுதினால், தப்பு பெல்ஹாப்புடையது அல்ல.

அது முழு பலத்தோடு நிற்கிற இடமும் நம்மிடம் உண்டு. பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிற இடங்களில் சொடுக்கும் இறால்களின் சத்தம் இரவும் பகலும் படபடவென்று வெடித்துக்கொண்டே இருக்கும். அதன் ஆற்றல் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். அதைப் போன்ற உயர் அதிர்வெண், குறுகிய தூரம், நேரக் கணக்கு முக்கியம் என்ற வேலைகளுக்கும், நீருக்கடித் தகவல் தொடர்பு மோடம்களுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு கதிர் முறையைத்தான் எடுப்பேன். தென்கடலில் விளிம்பு தாண்டிய ஆழத்தில், வெப்ப அடுக்குகள் ஒலியை வளைக்கிற இடத்திலும் அப்படியே.

மோட் முறை: வடகடலுக்கென்றே செய்தது போல

அதே போர்ட்டரின் இன்னொரு நிரல் கிராக்கன். ஆழத் திசையில் ஒரே ஒரு முறை சமன்பாட்டைத் தீர்த்து மோட்களைக் கண்டுபிடிக்கும். அதற்கப்புறம் தூரம் என்பது வெறும் பெருக்கல். ஒரு கிலோமீட்டருக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கும் கணக்கு நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஐந்து மோட் இருக்கிற கடலில் 1000 ஹெர்ட்ஸ் கணக்கு, எண்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த முறையின் விடையைப் பார்த்தே கடல் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள முடிவதுதான். முதல் மோட் நடு ஆழத்தில் பலமாக, மேற்பரப்பில் சுழியமாக இருக்கும். ஆகவே ஹைட்ரோஃபோனை (நீருக்கடி ஒலிவாங்கியை) மேற்பரப்பை ஒட்டித் தொங்கவிட்டால் சத்தம் குறைவாகத்தான் கேட்கும். நடுவிலோ அதற்குக் கீழேயோ இறக்கினால் நன்றாகக் கேட்கும். உயர் மோட்கள் அடியில் அடிக்கடி மோதுவதால் சீக்கிரம் தேயும். இதையெல்லாம் கதிர் படத்திலிருந்து பிரித்தெடுக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

ஆழம் மாறினால்தான் தடுமாற்றம். கிராக்கன் தட்டையான கடலுக்கானது; மெதுவாக மாறும் ஆழத்துக்கு, ஒவ்வொரு மோடும் தன் அடையாளம் மாறாமல் நகர்கிறது என்ற அனுமானத்தோடு ஓட்டலாம். பாக் விரிகுடாவின் சரிவு அதற்கேற்ற சாந்தமான சரிவுதான். கரையை நெருங்கும்போது மட்டும் ஒரு வேடிக்கை நடக்கிறது. 200 ஹெர்ட்ஸ் ஒலி 9 மீட்டரிலிருந்து கரையை நோக்கி ஏறி வருகிறது. முன் சொன்ன எல்லைக் கணக்கின்படி, 4.5 மீட்டர் ஆழத்தில் அதன் கடைசி மோடும் அடைபடும். அந்த இடத்தில் ஒலி மணலுக்குள் ஒரு கற்றையாக இறங்கிவிடும். கடற்புல் படுகைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆழம் குறைந்த இடங்களில்தான் இருக்கின்றன. ஆக, 3 மீட்டர் தண்ணீரில் மேய்கிற ஆவுளியாவுக்கு, தூரத்துப் படகின் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய வந்து சேர்வதே இல்லை. மேல் ஒலிதான் சேர்கிறது. எளிய மோட் கணக்கு இந்த இடத்தில் மோடைச் சட்டென்று அறுத்துவிடும், மணலுக்குள் போன ஒலி என்னவாயிற்று என்று சொல்லாது. மொத்த இரைச்சல் மட்டம்தான் வேண்டும் என்றால் அது பரவாயில்லை. கற்றை எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் அடுத்த முறைக்குப் போக வேண்டும்.

படகுக்குப் பக்கத்தில், ஐம்பது நூறு மீட்டருக்குள், மோட் முறையை நம்பாதீர்கள். அங்கே அடியில் கசிந்து போகிற பகுதியும் சத்தத்தில் சேரும். சிக்கிக்கொண்ட மோட்கள் மட்டும் முழுக்கணக்கு ஆகாது. பக்கத்துக் கணக்குக்கு ஹென்ரிக் ஷ்மிட்டின் ஓஏசஸ் இருக்கிறது. அலைஎண் தொகையீடு என்ற வழியில் போவது. அடுக்குகள் தட்டையாக இருக்கும்வரை ஏறக்குறைய சரிநுட்பமான விடை. ஆழம் மாறுகிற கடலுக்கு ஆகாது என்பதால் அதை நான் உரைகல்லாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்: மற்ற நிரல்கள் தட்டைக் கடலில் அதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம்.

பரவளையச் சமன்பாடு: என் ஓட்டு இதற்கு

துறைக்காரர்கள் சுருக்கமாக பி.ஈ. என்பார்கள். நீர் ஒலியியலுக்கு இதை 1970-களில் கொண்டுவந்தவர் ஃபிரெட் டாப்பர்ட். ஒலி ஒரு பக்கமாக, முன்னால் மட்டுமே போகிறது என்று வைத்துக்கொண்டால் அலைச் சமன்பாடு எளிதாகிவிடும். படகுக்குக் கீழே ஒரு செங்குத்துக் கோட்டில் ஒலியை எழுதிக்கொள்ள வேண்டும்; அதிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி அடுத்த கோடு; அதிலிருந்து அடுத்தது. கரைவலை இழுக்கிறவர்கள் கைக்கு வந்த கயிற்றைப் பிடித்தே அடுத்த பிடியை இழுப்பது போல, கடந்துவந்த தூரத்தை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆழம் மாறட்டும், அடிமணல் மாறட்டும், ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் புதிய எண்ணைக் கொடுத்தால் போதும்.

ஆரம்பகால வடிவங்கள் கிடைமட்டத்துக்கு நெருக்கமான ஒலியை மட்டும் சரியாகக் கணித்தன. மைக்கேல் காலின்ஸ் 1993-இல் கொண்டுவந்த படேத் தோராய வழி அந்தக் குறையை நீக்கியது. அவருடைய ராம் நிரல் அதில்தான் ஓடுகிறது. ஓர் எட்டுக்கு ஐந்து மீட்டர் என்றால் 10 கிலோமீட்டருக்கு 2000 எட்டுகள். ஆழத்தில் பத்து சென்டிமீட்டர் இடைவெளி, அடிமணலையும் சேர்த்து 60 மீட்டர்வரை என்றால் 600 புள்ளிகள். சாதாரண மடிக்கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 100 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை நாற்பது அதிர்வெண்களை ஓட்டிவிட்டு டீ குடித்து வருவதற்குள் முடிந்திருக்கும்.

ராமின் உள்ளீட்டுக் கோப்பு பழைய ஃபோர்ட்ரான் பாணி. முதலில் அதிர்வெண், ஒலி மூலத்தின் ஆழம், கேட்பவரின் ஆழம். அப்புறம் தூரமும் எட்டின் நீளமும். அப்புறம் ஆழப் புள்ளிகள், தூரம் ஒன்று ஆழம் ஒன்றாக. ஒவ்வொரு பட்டியலும் முடிந்தது என்று சொல்ல இரண்டு முறை மைனஸ் ஒன்று எழுத வேண்டும். அதை விட்டால் நிரல் அடுத்த பட்டியலை ஆழமென்று நினைத்துப் படித்துவிடும். இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் கணக்கின் கீழ் எல்லை. அடிமணலுக்குக் கீழே ஒலியை உறிஞ்சும் ஒரு பொய் அடுக்கு வைக்க வேண்டும். அது மெல்லியதாக இருந்தால், இல்லாத தரையில் மோதி ஒலி திரும்பி வந்து தண்ணீரில் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை நிஜமென்று நினைத்து விளக்கம் தேட ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடும்.

பி.ஈ. தோற்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, திரும்பி வரும் ஒலி. முன்னால் மட்டுமே போகும் என்று தொடக்கத்திலேயே சத்தியம் செய்துவிட்டதால் எதிரொலி அதற்குத் தெரியாது. இரண்டாவது, பக்கவாட்டுத் திருப்பம். குருசடை, பூமரிச்சான், மனோலி தீவுகளைச் சுற்றிக் கணக்குப் போடும்போது வழக்கமாகப் படகிலிருந்து பல திசைகளில் துண்டு துண்டாக இரு பரிமாணக் கணக்கு ஓட்டுவோம். அப்படிச் செய்தால் தீவுக்குப் பின்னால் கத்தியால் வெட்டியது போல் நிழல் விழும். உண்மையில் தீவின் சரிவு ஒலியை ஆழமான பக்கம் ஒதுக்கித் தள்ளும். ஓரங்களில் ஒலி கொஞ்சம் வளைந்தும் வரும். முப்பரிமாண பி.ஈ. நிரல்களும் உண்டு, எல்லோர் கைக்கும் எளிதில் வசப்படுபவை அல்ல. தீவு நிழலின் நடுவைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்றால் துண்டுக் கணக்கே போதும். ஓரத்தில் ஹைட்ரோஃபோன் போட்டுவிட்டு விடை பொருந்தவில்லை என்று அலறக் கூடாது.

கட்டம் போடும் முறைகள்: பாம்பனுக்கு மட்டும்

குறுக்கு வழியே வேண்டாம், முழு அலைச் சமன்பாட்டையும் கட்டம் போட்டு நேரத்தில் நகர்த்திவிடலாம் என்பது ஃபைனைட் டிஃபரன்ஸ் முறை. புத்தகம் படித்த மாணவன் ஒரு நாளில் எழுதிவிடலாம். நூறு வரிகூட வராது. எதிரொலி, வளைவு, எல்லாம் தானாக வரும். அதனால்தான் கணினித் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு இதன்மேல் ஒரு காதல். விலையைப் பாருங்கள்.

1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 1.54 மீட்டர். அலைக்குப் பத்துப் புள்ளி என்றால் கட்டம் 15 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பு, அடிமணலோடு சேர்த்து 20 மீட்டர் ஆழம்: கிட்டத்தட்ட 600 கோடி கட்டங்கள், 95 ஜிபி நினைவகம். கட்டம் சிறிதானால் நேர எட்டும் சிறிதாக வேண்டும். 1928-இலேயே கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி மூவரும் போட்டுவைத்த நிபந்தனை அது. இங்கே ஒரு நொடியை நகர்த்தச் சுமார் 20,000 எட்டுகள். அதிர்வெண்ணை இரட்டித்தால் வேலை பதினாறு மடங்கு. இத்தனையும் ஒரே ஒரு கிலோமீட்டருக்கு. நம் கேள்வியோ பத்து கிலோமீட்டர்.

செலவைவிட மோசமானது, தூரம் போகப் போகப் பிழை சேர்வது. அலைக்குப் பத்துப் புள்ளி, இரண்டாம் படித் துல்லியம் (வழக்கமான எளிய வடிவம்) என்றால் கட்டத்தில் ஓடும் அலை உண்மையான அலையைவிட ஏறக்குறைய 1 சதவீதம் மெதுவாக ஓடும். நூறு மீட்டருக்கு அது ஒன்றுமில்லை. 10 கிலோமீட்டரில் 6,500 அலைநீளங்கள். 1 சதவீதம் என்றால் 65 அலைநீளம் பின்தங்கும். மோட்கள் ஒன்றோடொன்று கூடிக் கழியும் இடங்களெல்லாம் நகர்ந்துவிடும். நாலாம் படிக்கோ அதற்கு மேலோ போனால் நிலைமை மிகவும் தேறும். ஆனால் கடற்பரப்பிலும் அடிமணல் எல்லையிலும் அந்த உயர் துல்லியத்தைக் காப்பாற்றுவது தனி வேலை. ஃபூரியர் கணக்கை வைத்து ஓடும் சூடோ-ஸ்பெக்ட்ரல் முறையில், 2010-இல் ட்ரீபியும் காக்ஸும் வெளியிட்ட கே-வேவ் போல, அலைக்கு இரண்டு மூன்று புள்ளிகளே போதும். அது மருத்துவ அல்ட்ராசவுண்டுக்குப் பிறந்த நிரல். உடல் திசுக்களுக்குள் அடர்த்தி கொஞ்சம் கொஞ்சமாக மாறும். கடலின் மேற்பரப்பிலோ தண்ணீர் முடிந்த அடுத்த நொடி காற்று. அந்த வெட்டு ஃபூரியர் கணக்குக்கு ஒவ்வாது.

ஆனால் பாம்பன் கால்வாய்க்கு வந்தால் மேலே சொன்ன குறுக்கு வழிகள் கைவிட்டுவிடும். 1988-இன் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் என்று வரிசை வரிசையாகத் தூண்கள். தூணில் மோதும் ஒலி எல்லாப் பக்கமும் சிதறும், பின்னாலும் வரும். ஒரு பக்கமாக மட்டும் போகும் பி.ஈ.-க்கு இது பிடிபடாது, கிராக்கனுக்குத் தூண் என்ற ஒன்றே தெரியாது. இங்கே தூரமும் சிறிது. 200 மீட்டர் சதுரம், 20 மீட்டர் ஆழம் என்றால் 24 கோடி கட்டங்கள், 4 ஜிபி-க்குள் அடங்கும். நொடிக்கு நூறு கோடிக் கட்டங்களை நகர்த்தும் கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் ஒரு நொடி ஒலியை நகர்த்துவது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். கால்வாயின் நீரோட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் ஓட்டம் 1540-க்கு முன்னால் எந்த மூலைக்கு.

இங்கே ஃபைனைட் டிஃபரன்ஸுக்குப் போட்டி ஸ்பெக்ட்ரல் எலிமென்ட் முறை. 1984-இல் பட்டேரா பாய்மங்களுக்காகக் கொண்டுவந்தது. பின்னர் நிலநடுக்கக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள், ஸ்பெக்ஃபெம் நிரல் அந்த வழிதான். அலைக்கு ஐந்து புள்ளி போதும். உருண்டைத் தூணைச் சதுரக் கட்டம் படிக்கட்டாக்குவது போல் ஆக்காமல், வளைவோடு ஒட்டி வலை பின்னலாம். தண்ணீர்ப் பக்கமும் கல் பக்கமும் ஒரே கணக்கில் சேரும். கஷ்டம் அந்த வலையைப் பின்னுவதில்தான். தூண் எண்ணிக்கை கூடக்கூட வலை பின்னும் வேலை கணக்கு ஓடும் நேரத்தையே விழுங்கிவிடும். ஒரே தூணைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமா, ஸ்பெக்ட்ரல் எலிமென்ட். முப்பது தூண் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டுமா, கட்டத்தைப் பாதியாக்கி ஃபைனைட் டிஃபரன்ஸே போதும் என்பேன். தூண் பல அலைநீளம் பெரிதாக இல்லாதபோது படிக்கட்டுப் பிழை அவ்வளவு கடிக்காது. இரண்டிலும் பக்கவாட்டு எல்லைகளில் ஒலி திரும்பாமல் விழுங்க, 1994-இல் பெரெஞ்சே மின்காந்த அலைகளுக்காகச் செய்த உறிஞ்சும் அடுக்கு வேண்டும். தூண்களின் மேற்பரப்பில் மட்டும் கணக்குப் போடும் எல்லை உறுப்பு முறையையும் சிலர் சொல்வார்கள். ஒன்றிரண்டு தூணுக்கு மேல் போனால் அதன் எண் அணி (மேட்ரிக்ஸ்) நிரம்பி வழியும், விட்டுவிடலாம்.

முறைச் சண்டையைவிடப் பெரிய விஷயம் அடியில் இருக்கிறது

வடகடலில் பத்து டிகிரி சாய்வில் போகும் ஒலி நூறு மீட்டருக்கு ஒருமுறை அடியில் மோதும். 10 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட நூறு மோதல். ஒரு மோதலுக்கு 0.3 டெசிபல் இழப்பு என்று வைத்தால் மொத்தம் 29 டெசிபல். 0.5 என்று வைத்தால் 49. கிராக்கனா ராமா என்ற வித்தியாசம், சரியாக ஓட்டினால், ஓரிரு டெசிபலுக்குள் நிற்கும். அடிமணலைப் பற்றிய ஒரு சின்ன ஊகமோ இருபது டெசிபலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

சேறு என்றால் இன்னும் மோசம். மென்மையான சேற்றில் ஒலி வேகம் அதற்கு மேலிருக்கும் தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். அப்படியானால் 25 டிகிரி எல்லை என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு மோதலிலும் ஒலி கசியும். முதலில் போட்ட காகிதக் கணக்கு அங்கே செல்லாது. பார் என்றால் கெட்டியான கல், நன்றாகத் திருப்பி அனுப்பும் என்று நினைப்போம். சுண்ணாம்புக் கல்லில், ஓடும் திசைக்குக் குறுக்கே அசைகிற குறுக்கு அலையும் ஓடும். அதன் வேகம் தண்ணீரின் ஒலி வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் தண்ணீர் ஒலி அந்த வழியாக உள்ளே ஒழுகும். கெட்டிக் கல் மணலைவிட அதிகமாக ஒலியைக் குடிக்கிற அதிசயம் இப்படித்தான். ராமின் அடிப்படை வடிவத்துக்குக் குறுக்கு அலை தெரியாது. ஓஏசஸுக்கும் ஸ்பெக்ஃபெமுக்கும் தெரியும். கடற்புல் படுகையில் வெயில் நேரத்தில் இலைகள் விடும் நுண்குமிழிகள் ஒலியைத் தின்பதை இந்த நிரல்கள் எதுவும் தானாகக் கணக்கில் எடுக்காது. நாம்தான் அடியில் ஓர் உறிஞ்சும் அடுக்காகப் போட்டுக்கொடுக்க வேண்டும்.

சேறு எங்கே, மணல் எங்கே என்று கணினிக்குத் தெரியாவிட்டாலும் படகுக்காரர்களுக்குத் தெரியும். வருடக்கணக்காக வலை இழுத்த ஓர் அண்ணனிடம் வரைபடத்தை விரித்துக் கேட்டால் விரலை வைத்தே சொல்லிவிடுவார்: "இங்கன இழுத்தா மடி பூரா சேறு தம்பி. கெழக்க கொஞ்சம் தள்ளுனா மணலு. அந்தா அது பாருக்கல்லு, மாட்டுனா வலை போச்சு." இந்த மூன்று வாக்கியமும், ராமின் உள்ளீட்டில் அடித்தரையை மூன்று பகுதியாகப் பிரிக்கப் போதுமான தகவல். எண்கள் வேண்டுமானால், சொன்ன இடங்களில் ஒரு கைப்பிடி மண் எடுத்து மணியின் அளவைப் பார்க்கலாம். அதிலிருந்து ஒலி வேகத்தை ஓரளவு மதிப்பிட வழி இருக்கிறது.

மேற்பரப்புக்கும் பருவம் உண்டு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் அப்படியே மாறும். தட்டையான பரப்பு என்ற அனுமானம் எந்தக் கடலுக்கு எப்போது பொருந்தும் என்பது இங்கேயே தீர்ந்துவிடுகிறது. அலை பெரிதானால் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பரப்பில் சிதறல் கூடும். கதிர் முறையில் அதை ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் இழப்பாகச் சேர்ப்பது எளிது, ராமில் சேர்ப்பது வம்பு.

ஆகவே சோதிக்க நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் ஓடாது. கச்சான் பலக்கத் தொடங்கும் பருவம், வடகடல் பெரும்பாலும் அமைதி. ஒரு நாட்டுப்படகில் நீருக்கடி ஒலிபெருக்கியை நடு ஆழத்துக்கு இறக்கி 400, 800, 1600 ஹெர்ட்ஸில் ஒலி விட்டு, ஒன்று, மூன்று, ஐந்து கிலோமீட்டரில் ஹைட்ரோஃபோன் வைத்துப் பதிவு செய்யலாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிற ஒலிபெருக்கி கனமும் விலையும் கூடியது. நாட்டுப்படகில் ஏற்றி இறக்க முடியாது. கிடைத்த மூன்று தூரத்து அளவுகளுக்கும் பொருந்துகிற அடிமணல் வேகத்தைக் கிராக்கனில் தேட வேண்டும். நொடியில் ஓடுகிற நிரல் என்பதால் ஆயிரம் ஊகத்தைச் சோதித்தாலும் தாங்கும். அந்த எண்ணைக் கொண்டுபோய் ராமில் போட்டு, ஆழம் மாறுகிற முழுக்கணக்கை ஓட்டலாம். இதையே தென்கடலில் தீவுகளுக்குப் பக்கத்தில் செய்ய நினைத்தால், அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி கையில் வராமல் ஒலிபெருக்கியைப் படகில் ஏற்ற வேண்டாம்.